ராஷ்ஃபோர்ட் ஏன் கேட்டார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளிகளில் தரும் காலை உணவைப் பற்றி எழுதியபோது இடையில் மார்கஸ் ராஷ்ஃபோர்டின் பெயரைச் சொன்னீர்கள். ஒரு கால்பந்து வீரர் கடிதம் எழுதி பிரிட்டிஷ் அரசைத் தன் முடிவை மாற்றிக்கொள்ள வைத்தார் என்று ஒரே வரி. அந்த வரியை என் மகனிடம் படித்துக் காட்டினேன், வீட்டில் வாக்குவாதம் ஆரம்பமாகிவிட்டது.

அவன் கல்லூரியில் படிக்கிறான். ராஷ்ஃபோர்ட் ஆடிய மான்செஸ்டர் யுனைடெட் கிளப் என்றால் உயிர். நடு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து மேட்ச் பார்ப்பான். அவனுக்கு ராஷ்ஃபோர்ட் மேல் தீராத கோபம். "பதினெட்டு வயதில் என்னமாய் ஆடினார்! ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று போய் ஆட்டத்தைக் கோட்டைவிட்டுவிட்டார். கடைசியில் கிளப்பே வேண்டாம் என்று வேறு கிளப்புக்கு லோனில், அதாவது கடனாக, அனுப்பிவிட்டது" என்கிறான்.

எனக்கு வேறு சந்தேகம். வாரத்துக்கு லட்சக்கணக்கில் பவுண்டு சம்பாதிப்பவர் தன் கையிலிருந்து கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாமே? வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். இவரோ ஊருக்கெல்லாம் தெரியும்படி கடிதம் எழுதி அரசிடம் கேட்கிறார். தான் கொடுத்தால் பெருமை, சரி. இன்னொருவரைக் கொடுக்கச் சொல்வதில் என்ன பெருமை? இதற்குப் பின்னால் விளம்பர ஆட்கள் இருந்தார்கள் என்றும் படித்தேன்.

இன்னொன்று. இங்கிலாந்து பணக்கார நாடு. அங்கே பள்ளிக் குழந்தைகள் பசியோடு இருந்தார்கள் என்பதையே நம்ப முடியவில்லை. நமக்கு சத்துணவு இருக்கிறது, அவர்களுக்கு இல்லையா?

மகன் தன் பங்குக்கு ஒரு கேள்வியையும் சேர்க்கச் சொன்னான்: ராஷ்ஃபோர்டின் சரியான இடம் இடது விங்கா, நடு ஸ்ட்ரைக்கரா? நேரமிருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
கு., ஈரோடு

*

அன்புள்ள கு.,

மகனின் கோபத்திலிருந்தே தொடங்குகிறேன். அதை வெறும் கணக்கு வைத்தே ஓரளவு தீர்த்துவிடலாம்.

ராஷ்ஃபோர்டின் பொதுவேலை உச்சத்தில் இருந்தது 2020 ஜூனிலிருந்து ஏறக்குறைய ஒரு வருடம். அந்த 2020-21 சீசனில் எல்லாப் போட்டிகளும் சேர்த்து யுனைடெட்டுக்காக அவர் அடித்தது 21 கோல். அதிலும் தோள்பட்டைக் காயத்தோடு ஆடினார், யூரோ கோப்பை முடிந்த பிறகுதான் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அடுத்த சீசனில் 5 கோல், மோசமான வருடம். அதற்கடுத்த 2022-23இல் 30 கோல், யுனைடெட்டில் அவருடைய மிகச் சிறந்த சீசன். அப்புறம் 8. பொதுவேலைதான் ஆட்டத்தைக் கெடுத்தது என்றால் எந்த வருடம் கெட்டிருக்க வேண்டும்? அரசோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வருடம்தானே? அந்த வருடம் 21 அடித்தவர், அந்தச் சத்தமெல்லாம் அடங்கி ரொம்ப நாள் கழித்துத்தான் 8க்கு இறங்கினார்.

அந்த இறக்கத்தில் அவர் பங்கு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2024 ஜனவரியில் பெல்ஃபாஸ்டில் இரவு விடுதிக்குப் போய்விட்டு, உடம்பு சரியில்லை என்று பயிற்சிக்கு வராமல் இருந்தார். அந்த வருடக் கடைசியில் புதிய மேலாளர் ரூபன் அமோரிம் அவரை அணியிலிருந்தே தள்ளிவைத்தார். தினமும் முழு உழைப்பைக் கொடுக்காத ஆளைவிட, 63 வயதான கோல்கீப்பிங் பயிற்சியாளரை பெஞ்சில் உட்கார வைப்பேன் என்று அமோரிம் வெளிப்படையாகவே சொன்னார். ஒரு விளையாட்டு வீரரைப் பற்றி அவருடைய மேலாளர் இதைவிடக் கடுமையாகப் பேச முடியாது. ஆஸ்டன் வில்லா, பிறகு பார்சிலோனா என்று லோனில் போனது இதன் தொடர்ச்சி. உங்கள் மகன் இதற்காகக் கோபப்படட்டும், நியாயம். பசித்த குழந்தைகளை இதில் இழுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

மகன் சொல்வதை ஏறத்தாழ அப்படியே சொன்ன ஒரு நாடாளுமன்ற உறுப்பினரும் உண்டு. 2021 ஜூலை 11, யூரோ இறுதிப் போட்டி, வெம்பிளி. இத்தாலியோடு டிரா, பெனால்டி ஷூட் அவுட். கூடுதல் நேரம் முடியப்போகும் கடைசி நிமிடத்தில் பெனால்டி அடிப்பதற்கென்றே ராஷ்ஃபோர்டை இறக்கினார்கள். அதற்கு முன் பந்தைச் சரியாகத் தொடக்கூட அவகாசம் இல்லை. தயங்கித் தயங்கி ஓடிவந்து அடித்தார், பந்து போஸ்ட்டில் பட்டு வெளியே போனது. அணியில் இருந்த சாஞ்சோவும் சாகாவும் தவறவிட்டார்கள். இங்கிலாந்து தோற்றது. அன்றிரவு, ராஷ்ஃபோர்ட் அரசியல் செய்வதைக் குறைத்து ஆட்டத்தைச் செம்மைப்படுத்தியிருக்கலாம் என்று ஆளுங்கட்சி எம்.பி. ஒருவர் சக உறுப்பினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அது வெளியே கசிந்து, அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

தவறவிட்ட இந்த மூன்று கறுப்பின இளைஞர்கள் மீதும் இணையத்தில் கொட்டிய வசை தனிக் கதை. ராஷ்ஃபோர்ட் அதற்கு ஓர் அறிக்கை எழுதினார். என் ஆட்டத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெனால்டி உள்ளே போயிருக்க வேண்டும். ஆனால் நான் யார், எங்கிருந்து வந்தேன் என்பதற்காக ஒருநாளும் மன்னிப்புக் கேட்கமாட்டேன் – இதுதான் சாரம்.

எங்கிருந்து வந்தார் என்பதில்தான் உங்கள் கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது.

மான்செஸ்டரின் தெற்கே வைதன்ஷா. நகரத்தின் குடிசைப் பகுதிகளில் இருந்தவர்களைக் குடியமர்த்த இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் கட்ட ஆரம்பித்த மிகப் பெரிய அரசுக் குடியிருப்பு. ராஷ்ஃபோர்ட் 1997இல் பிறந்து வளர்ந்தது அங்கேதான். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அம்மா மெலனி தனியாளாக எல்லாரையும் வளர்த்தார். முழுநேர வேலை, குறைந்தபட்சக் கூலி; அது போதாமல் வேறு வேலைகளும். ஐந்து வயதில் ஃப்ளெட்சர் மாஸ் ரேஞ்சர்ஸ் என்ற உள்ளூர்ச் சிறுவர் கிளப்பில் சேர்ந்தார். முதலில் கோல்கீப்பராக நின்றார் என்பதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள், சிரிப்பான். ஏழு வயதில் யுனைடெட்டின் பயிற்சிக் கூடத்துக்குப் போனார்.

யுனைடெட்டில் திறமையான சிறுவர்களை வெளியே தங்கவைத்துப் படிக்கவைக்கும் திட்டம் ஒன்று உண்டு. ராஷ்ஃபோர்டை வழக்கமான வயது வருவதற்கு முன்பே, 11 வயதிலேயே, அதில் சேர்த்துக்கொண்டார்கள். அம்மா விடாமல் கேட்டதுதான் காரணம் என்று அவரே பின்னாளில் சொன்னார். அங்கே போனால் பிள்ளைக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கும் என்பது அந்த அம்மாவின் கணக்கு. மெலனியைப் பற்றி நான் படித்ததில் இந்த ஒரு தகவல் மட்டும் மனதை விட்டுப் போவதில்லை. கடைசிப் பிள்ளையைப் பிரிய எந்த அம்மாவும் அவசரப்படமாட்டாள். இவர் அவசரப்பட்டார்.

2016 பிப்ரவரி 25 பற்றி உங்கள் மகன் மனப்பாடமாகச் சொல்வான். மிட்யுலாண்ட் என்ற டேனிஷ் அணியோடு ஐரோப்பா லீக் ஆட்டம். ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தபோது யுனைடெட்டின் ஸ்ட்ரைக்கர் மார்ஷியலுக்குக் காயம். வேறு ஆளில்லாமல் 18 வயதுப் பையனை இறக்கினார்கள். இரண்டு கோல். மூன்று நாள் கழித்து ஆர்செனலுக்கு எதிராக பிரீமியர் லீக்கில் முதல் ஆட்டம், அதிலும் இரண்டு. அதே மே மாதம் இங்கிலாந்துக்காக முதல் ஆட்டம், மூன்றாவது நிமிடத்தில் கோல்.

சரி, இனி சத்துணவு.

இங்கிலாந்தில் பள்ளி உணவு இல்லாமல் இல்லை. நம்மைவிடப் பழையதும்கூட. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் எடுத்தபோது ஏழை இளைஞர்கள் பலர் நோஞ்சானாக இருந்ததைப் பார்த்து அரசு பயந்தது. அதன் தொடர்ச்சியாக 1906இல், உள்ளாட்சிகள் விரும்பினால் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு தரலாம் என்று சட்டம் வந்தது. 1944 சட்டம் அதைக் கடமையாக்கியது. மார்கரெட் தாட்சர் பிரதமரான பிறகு 1980இல் வந்த சட்டம், உதவித்தொகை பெறும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தந்தால் போதும் என்று அந்தக் கடமையைச் சுருக்கிவிட்டது. 2014இலிருந்து முதல் மூன்று வகுப்புகளுக்கு, அதாவது ஏழு வயது வரை, எல்லாருக்கும் இலவசம். அதற்கு மேல் வருமானக் கோடு ஒன்று உண்டு. 2018இல் வைத்த கோட்டின்படி யுனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகை வாங்கும் குடும்பத்தின் உழைப்பு வருமானம், வரி போக, ஆண்டுக்கு 7,400 பவுண்டுக்குள் இருக்க வேண்டும் என்று இருந்தது. அதற்குமேல் கொஞ்சம் கூடினாலும் பிள்ளைக்கு இலவசச் சாப்பாடு கிடைக்காது என்ற நிலை.  நம்முடைய அரசுப் பள்ளியில் தட்டோடு வரிசையில் நிற்கும் பிள்ளையிடம் உன் அப்பாவுக்கு என்ன சம்பளம் என்று யாரும் கேட்பதில்லை. வித்தியாசம் இதுதான். பணக்கார நாடு, ஏழை நாடு என்பதோடு இதற்குச் சம்பந்தம் குறைவு.

இரண்டாவது சிக்கல் விடுமுறை. இலவச உணவு பள்ளி நாட்களுக்கு மட்டும். கோடை விடுமுறை ஆறு வாரம், அந்த ஆறு வாரமும் அம்மாவின் பாடு. (நம் சத்துணவுக் கூடங்களும் கோடை விடுமுறையில் பூட்டித்தான் கிடக்கின்றன. அந்த மாதத்தில் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று நாமும் பெரிதாகக் கேட்டதில்லை.)

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளை மூடினார்கள். உணவுக்குப் பதிலாகப் பிள்ளை ஒன்றுக்கு வாரம் 15 பவுண்டு கூப்பன், அன்றைய மதிப்பில் சுமார் 1,400 ரூபாய். ராஷ்ஃபோர்ட் அப்போது முதுகெலும்புக் காயத்தோடு வீட்டில் இருந்தார். ஜனவரியில் வுல்வ்ஸ் அணியோடு ஆடும்போது பட்டது. கடைகளிலும் ஆலைகளிலும் மிஞ்சும் நல்ல உணவை ஏழைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஃபேர்ஷேர் என்ற அமைப்போடு சேர்ந்து நிதி திரட்ட ஆரம்பித்தார். இரண்டு கோடி பவுண்டு சேர்ந்தது. கூப்பன் கோடை விடுமுறைக்குக் கிடையாது என்று அரசு சொன்னது. ஜூன் 15ஆம் தேதி எம்.பி.க்கள் எல்லாருக்கும் அவர் பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதினார்.

நீங்கள் கேட்டீர்கள், தன் கையிலிருந்து கொடுத்திருக்கலாமே என்று. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த இலவச உணவுக்குத் தகுதியான பிள்ளைகள் 13 லட்சம். வாரம் 15 பவுண்டு என்றால் ஒரு வாரத்துக்கு மட்டும் ஏறத்தாழ 1.95 கோடி பவுண்டு. அப்போது பத்திரிகைகள் சொன்ன ராஷ்ஃபோர்டின் சம்பளம் வாரம் 2 லட்சம் பவுண்டு, வருடத்துக்கு ஒரு கோடிக்குக் கொஞ்சம் மேல். வரியே கட்டாமல் வருடச் சம்பளம் முழுவதையும் எடுத்து நீட்டியிருந்தாலும் நான்காவது நாள் தீர்ந்திருக்கும். ஊரே சேர்ந்து திரட்டிய அந்த இரண்டு கோடியும் ஒரு வாரத்துக்குத்தான் வரும். ஆறு வாரத்துக்கு அரசு கடைசியில் ஒதுக்கியது 12 கோடி பவுண்டு. இந்த அளவுக்குப் பணம் அரசிடம் மட்டும்தான் இருக்கும். அதனால் அரசிடம் கேட்டார்.

ஆனால் வெறும் கணக்குக்காக அவரைப் பாராட்டுவதாக இருந்தால் நான் ஒரு வரியோடுதான் நிறுத்தியிருப்பேன். எனக்கு அந்தக் கடிதத்தில் முக்கியமாகப் படுவது, அவர் எந்த இடத்தில் நின்றுகொண்டு கேட்டார் என்பது.

பிரபலங்கள் கொடுக்கும்போது கேமரா மேலிருந்து கீழே பார்க்கும். நம் ஊரிலும் பார்க்கிறோமே, அரிசிப் பையில் கொடுப்பவரின் படம் சிரிக்கும், வாங்குபவர் தலை குனிந்திருப்பார். கொடுப்பவருக்கு அதில் கௌரவம் கூடும். ராஷ்ஃபோர்ட் வாங்குகிறவர்களின் வரிசையில் போய் நின்றுகொண்டார். என் அம்மா முழுநேரம் உழைத்தார், அப்படியும் சாப்பாட்டுக்குப் போதவில்லை; பள்ளியின் காலை உணவு, இலவச மதிய உணவு, அண்டை வீட்டார், பயிற்சியாளர்கள் என்று எல்லாருடைய தயவிலும் வளர்ந்தோம்; இலவச உணவு வங்கி எங்களுக்குப் புதிதில்லை; ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நார்தர்ன் மூர் என்ற பகுதிக்குப் போய் விருந்துச் சாப்பாட்டை வாங்கிவந்தது நன்றாக நினைவிருக்கிறது – இப்படித்தான் எழுதினார். பத்து வருடங்களுக்கு முன்னால் நானும் அந்தப் பிள்ளைகளில் ஒருவன், அன்று என் குரல் உங்களுக்குக் கேட்டிருக்காது என்ற பொருளில் ஓர் இடம் வரும். எம்.பி.க்களின் கருணையைக் கேட்கும் கடிதம் இல்லை இது. எவ்வளவு உழைத்தாலும் என் அம்மா போன்றவர்கள் மேலே வர முடியாதபடி இந்த அமைப்பு கட்டப்பட்டிருக்கிறது என்று நேராகவே சொல்லும் கடிதம்.

இலவச உணவு வாங்கும் பிள்ளை என்பது அங்கே வெட்கத்துக்குரிய விஷயம். ஒரு காலத்தில் பல பள்ளிகளில் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு நிற டிக்கெட் இருந்தது, அதைக் காட்டக் கூசிச் சாப்பிடாமலே இருந்துவிடுவார்கள். இன்று வீட்டில் சொல்லக் கூசும் ஒரு பையனுக்கு, இங்கிலாந்து அணியின் ஸ்ட்ரைக்கரும் இதே வரிசையில் நின்றவர்தான் என்று தெரிவதன் மதிப்பை எந்தப் பவுண்டில் கணக்கிடுவது? உங்கள் வலது கை, இடது கைப் பழமொழி கொடுப்பவரின் அடக்கத்துக்குச் சொன்னது. வாங்கியவர் தான் வாங்கியதைச் சொல்வதற்கு அது பொருந்தாது.

கடிதம் வெளியான மறுநாளே அரசு இறங்கி வந்தது. அன்று காலையில் நடந்த ஒரு சின்ன விஷயம் எனக்குப் பிடிக்கும். இன்று குளிக்கும்போது, தண்ணீர் நிறுத்தப்பட்ட வீடுகளின் பெற்றோரை ஒரு கணம் நினையுங்கள் என்று ராஷ்ஃபோர்ட் ட்விட்டரில் எழுதினார். உதவித்தொகைகளுக்குப் பொறுப்பான அமைச்சர் தெரேசா கோஃபி, தண்ணீர் இணைப்பைத் துண்டிக்க முடியாதே என்று மறுமொழி எழுதினார். சட்டப்படி அவர் சொன்னது சரிதான். ஆனால் ஒரு நாட்டின் மனநிலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் கவனிக்காமல் விதியைத் திருத்திச் சொல்வதைப் போன்ற அசட்டுத்தனம் அரசியலில் வேறில்லை. அன்றே பிரதமர் போரிஸ் ஜான்சன் ராஷ்ஃபோர்டுடன் தொலைபேசியில் பேசினார்.

அக்டோபரில் இரண்டாம் சுற்று. இந்த முறை நடந்ததைத் தேதிவாரியாகப் பாருங்கள், ஆட்டம் கெட்டதா இல்லையா என்பதும் அதிலேயே தெரியும். அக்டோபர் 20, பாரிஸ். அந்த ஊர் அணியான பி.எஸ்.ஜி.க்கு எதிராக 87ஆவது நிமிடத்தில் ராஷ்ஃபோர்டின் கோலால் யுனைடெட் ஜெயிக்கிறது. 21ஆம் தேதி, விடுமுறை நாட்களிலும் உணவு தர வேண்டும் என்ற தீர்மானம் நாடாளுமன்றத்தில் 322க்கு 261 என்ற கணக்கில் தோற்கிறது. அந்த வாரமே நாடு முழுவதும் சின்னச் சின்ன உணவகங்களும் டீக்கடைகளும் உள்ளாட்சி மன்றங்களும், விடுமுறைக்கு நாங்கள் சாப்பாடு தருகிறோம் என்று அறிவிக்க ஆரம்பித்தன. ஊரடங்கில் அவர்களே அடிபட்டுக் கிடந்தவர்கள். ராஷ்ஃபோர்ட் அந்த அறிவிப்புகளை ஒவ்வொன்றாகத் தன் கணக்கில் பகிர்ந்துகொண்டே இருந்தார். எந்த ஊரில் எந்தக் கடை என்று பிள்ளையைப் பெற்றவர்கள் அங்கே தேடிக்கொள்ளலாம். எதிர்த்து ஓட்டுப் போட்ட எம்.பி.க்களை யாரும் வசைபாட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். 28ஆம் தேதி லைப்ஸிக் அணிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி மூன்று கோல். விடுமுறை உணவு கேட்டு அவர் தொடங்கியிருந்த மனுவில் கையெழுத்து பத்து லட்சத்தைத் தாண்டியது. நவம்பர் 7, எவர்ட்டனை வென்ற அன்று இரவு ஜான்சன் மறுபடி போன் செய்தார். குளிர்காலத்துக்காக 17 கோடி பவுண்டு ஒதுக்குகிறோம் என்று மறுநாள் அறிவிப்பு வந்தது.

அரசு தரப்பில் நியாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. குடும்பங்களுக்கு உதவ உதவித்தொகையை உயர்த்துவதுதான் வழி, வாரம் 20 பவுண்டு உயர்த்தியும் இருக்கிறோம், விடுமுறையில் சோறு போடுவது பள்ளியின் வேலை இல்லை என்றார்கள். கொள்கையாகப் பார்த்தால் விவாதிக்க வேண்டிய கருத்து. ஆனால் அந்த 20 பவுண்டு உயர்வை அடுத்த வருடமே திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

விளம்பர ஆட்கள் பற்றிக் கேட்டீர்கள். இருந்தார்கள். ராக் நேஷன் என்ற பெரிய நிறுவனம் அவருடைய பொதுத் தொடர்புகளைப் பார்த்துக்கொண்டது. கடிதத்துக்கு அவர்கள் உதவியிருப்பார்கள், எந்த நாள் எந்த நேரம் வெளியிடுவது என்று யோசித்திருப்பார்கள். அதனால் என்ன? எந்தக் கோரிக்கையும் ஆள் துணை இல்லாமல் அரசிடம் போய்ச் சேர்வதில்லை. இந்தப் பணியால் அவர் வணிகரீதியாக எவ்வளவு லாபம் அடைந்தார் என்று ஒரு பத்திரிகை எழுதப்போவதாக 2021இல் தெரிந்ததும், அவரே முந்திக்கொண்டு அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். பெரிய நிறுவனங்கள் அவரைத் தேடி வந்தன, உண்மை. அவர் துறவி இல்லை, அப்படி வேஷம் போடவும் இல்லை. கொரோனாவுக்கு முன்பே, 2019 கிறிஸ்துமஸ் சமயத்தில், மான்செஸ்டரில் வீடில்லாதவர்களுக்குத் தேவையான பொருட்களைப் பெட்டிகளில் சேர்த்துக் கொடுக்கும் ஒரு முயற்சியை அவர் நடத்தியிருக்கிறார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். காது கேளாத பிள்ளைகளின் கவிதைப் போட்டிக்கு நடுவராக இருக்கக் கேட்டபோது, அதற்காக சைகை மொழி கொஞ்சம் கற்றுக்கொண்டார். பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுக்கும் திட்டம் ஒன்றும் உண்டு. இதையெல்லாம் நான் பெரிதுபடுத்தமாட்டேன், பல வீரர்கள் செய்வதுதான்.

பல வீரர்கள் செய்யாத ஒன்று, மூன்று கோரிக்கைகளைத் துல்லியமாக எழுதிவைத்துக்கொண்டு விடாமல் நின்றது. 2020 செப்டம்பரில் டெஸ்கோ, ஆல்டி, லிடில் போன்ற பெரிய கடை நிறுவனங்களையும் தொண்டு அமைப்புகளையும் ஒரு குழுவாகச் சேர்த்தார். ஒன்று, பள்ளி விடுமுறைகளில் உணவும் விளையாட்டும் தரும் திட்டத்தை எல்லாப் பகுதிகளுக்கும் கொண்டுபோக வேண்டும். இரண்டு, கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தை உள்ள ஏழைத் தாய்மார்களுக்கும் பால், பழம் வாங்கத் தரும் வாராந்தரக் கூப்பனை 3.10 பவுண்டிலிருந்து 4.25 ஆக்க வேண்டும். மூன்று, யுனிவர்சல் கிரெடிட் வாங்கும் எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளி உணவு இலவசமாக வேண்டும், அந்த 7,400 பவுண்டுக் கோடு போக வேண்டும்.

முதல் இரண்டும் 2021இல் நடந்தன. மூன்றாவது நடக்கவில்லை, அதுதான் பெரிய செலவு. 2025 ஜூனில் தொழிற்கட்சி அரசு அதை அறிவித்தது. தொடங்கும் தேதி 2026 செப்டம்பர். புதிதாக ஐந்து லட்சம் பிள்ளைகள் வருவார்கள் என்றது அரசு. இடையில் எத்தனையோ ஆசிரியர்கள், தொண்டு அமைப்புகள், மருத்துவர்கள் இதைத் தொடர்ந்து கேட்டுவந்தார்கள், அதனால் இதை ராஷ்ஃபோர்டின் வெற்றி என்று எழுதினால் அவர்களுக்கு அநியாயம். அறிவிப்பு வந்த நாளில் அவர் எந்தக் கிளப்புக்கு ஆடப்போகிறார் என்பதே முடிவாகாமல் இருந்தது. வில்லா லோன் முடிந்திருந்தது, யுனைடெட்டுக்கு அவர் வேண்டாம், பார்சிலோனா போனது அடுத்த மாதம்தான். ஆனால் 2020இல் அந்தக் கோரிக்கையை வீட்டு முற்றம் வரை கொண்டுவந்து போட்டவர் அவர். அதுவரை இலவசப் பள்ளி உணவின் வருமானக் கோடு என்பது அதிகாரிகளும் தொண்டு அமைப்புகளும் பேசிக்கொள்ளும் விஷயமாகத்தான் இருந்தது.

2024 டிசம்பரில், அமோரிம் அவரை அணியிலிருந்து நீக்கியிருந்த அதே வாரத்தில், தான் படித்த பட்டன் லேன் ஆரம்பப் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு கொடுத்தார். அந்தச் சமயத்தில்தான், வேறு கிளப்புக்குப் போகத் தயார் என்ற பேட்டியும் கொடுத்தார். உங்கள் மகனுக்கு இரண்டாவது செய்தி மட்டும்தான் வந்து சேர்ந்திருக்கும், அது அவன் குற்றம் இல்லை.

இனி அவனுடைய கேள்வி. என் கட்சி இடது விங். நடுவில் முதுகைக் கோலுக்குக் காட்டிக்கொண்டு, உயரமான தடுப்பாட்டக்காரர்களோடு முட்டிக்கொண்டு பந்தைத் தாங்கி நிற்பது அவருக்கு வராது. இடது ஓரத்தில் எதிரே காலி இடம் வேண்டும், ஓடி உள்ளே திரும்பி வலது காலால் அடிக்க வேண்டும். அந்த 30 கோல் சீசனில் பல கோல்கள் அப்படி வந்தவைதானே? நடுவில் ஆடியே மிட்யுலாண்டையும் ஆர்செனலையும் அடித்தாரே என்பான். அப்போது அவர் யாரென்று எதிராளிக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். 2022 உலகக் கோப்பையில் வேல்ஸுக்கு எதிராக அடித்த இரண்டாவது கோலைக் காட்டினால், அது வலது ஓரத்திலிருந்து வந்து இடது காலால் அடித்தது என்று என்னை மடக்கப் பார்ப்பான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன் வேறு என்ன சொல்கிறான் என்று எழுதுங்கள்.

அன்புடன்